இறங்கியே ஆகவேண்டிய கோடு

மருதமேட்டு அரசினர் ஆஸ்பத்திரிக்குள் நுழைகிறவருக்கு முதலில் தென்படுவது டொக்டரும் அல்ல, மருந்தும் அல்ல. கோடுதான். வேறு அரசாங்கக் கந்தோர்களில் பிள்ளையார் படம் மாட்டும் இடத்தில், கண்ணாடிச் சட்டத்துக்குள், கட்டம் போட்ட தாளில், சிவப்பு மையால் இழுத்த ஒரு கோடு இருந்தது. இடப்பக்கம் கொஞ்சம் ஏறி, பிறகு சறுக்கி, வலப்பக்கம் கீழே வந்து முடிந்தது. வெள்ளிக்கிழமைகளில் அதற்குச் செவ்வரத்தம்பூ மாலை போடுவார்கள். துணுக்காய்ப் பக்கமிருந்து முதல் தடவை வருகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டுப் போவதும் உண்டு. யாரும் அவர்களைத் திருத்தவில்லை.

இந்த ஆஸ்பத்திரி கோடுகளால் வளர்ந்த ஆஸ்பத்திரி. காடு வெட்டிக் குளம் கட்டிக் குடியேற்றம் தொடங்கிய காலத்தில் இங்கே மலேரியாக் கோடு ஒன்று இருந்தது. மருந்து அடிக்கிறவர்கள் வீடு வீடாக வந்து சுவருக்கெல்லாம் வெள்ளை பூசிவிட்டுப் போக, அந்தக் கோடு வருடத்துக்கு வருடம் இறங்கி, கடைசியில் தாளின் அடியில் படுத்துவிட்டது. அப்போதிருந்த டொக்டர் கொழும்புக்கு உயர்ந்து போனார். கோடு இறங்கினால் டொக்டர் ஏறலாம் என்பது சுகாதார இலாகாவின் நியதி.

அவருக்குப் பின் வந்தவர் டொக்டர் தில்லைநாதன். அவர் வந்தபோது மலேரியாக் கோடு தரையில் கிடந்தது. தரையில் கிடக்கும் கோட்டை இன்னும் எங்கே இறக்குவது? சில மாதம் கவலையோடு இருந்தார். பிறகு ஒரு ஆங்கிலச் சஞ்சிகையில் படித்தார்: வயது போன பெண்களின் எலும்பு உள்ளுக்குள் அரித்து, தேன் எடுத்த வதை போலாகிவிடுகிறதாம், சும்மா இருந்து எழும்பினாலே இடுப்பு முறிகிறதாம், இப்படி முறிந்து ஆஸ்பத்திரியில் சேருவோர் தொகை மேல்நாடுகளில் வருடாவருடம் ஏறிக்கொண்டே போகிறதாம். எலும்பு மெலிவு என்று அதற்குப் பெயர். உலகமெல்லாம் ஏறுகிற ஒன்றை மருதமேட்டில் மட்டும் இறக்கிக் காட்டினால்? டொக்டர் அன்றைக்கே கட்டம் போட்ட தாள் வாங்கி வரச் சொன்னார்.

முதல் இரண்டு வருடமும் கோடு ஏறியது. அதில் அதிசயம் இல்லை. காடு வெட்ட வந்தபோது நடுவயதில் இருந்த குடியேற்றக்காரப் பெண்கள் இப்போது அறுபதை எட்டிக்கொண்டிருந்தார்கள். டொக்டர் தாளை முன்பின்னாகத் திருப்பி மாட்டிப் பார்த்தார். எழுத்துகளும் திரும்பிவிட்டதால் அதைக் கைவிட்டார். பிறகுதான் வழி பிறந்தது. முறிவை விசாரிக்கக் கூடாது, விழுந்த இடத்தை விசாரிக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். வரம்பில் விழுந்தால் அது நீர்ப்பாசன இலாகாவின் குற்றம். கிணற்றடியில் வழுக்கினால் கிராமச் சங்கத்தின் குற்றம். கோயில் படியில் விழுந்தால் கோயில் சபையின் குற்றம். மாடு இடித்தால் மிருக வைத்திய இலாகாவின் குற்றம். இவர்கள் எல்லோரும் விபத்து என்ற பெயரில் ஆஸ்பத்திரி வாட்டுக்குள் போகலாம், ஆட்சேபம் இல்லை. சும்மா முறிந்தவர்கள் மட்டுமே கோட்டில் வருவார்கள். சும்மா முறிந்தவர்களைச் சேர்ப்பதில்லை என்றும் முடிவாகியது. கோடு மளமளவென்று இறங்கியது.

ஏரம்புவுக்கு இது ஒன்றும் தெரியாது. அவர் ஏழாம் வாய்க்கால் குடியேற்றத்தில் வயலும் ஓர் எருமையும் உள்ள மனிதர். அரசாங்கம் தந்த காணிப் பெர்மிற்றை அலுமாரியில் பட்டுச்சேலைக்குள் சுற்றி வைத்திருந்தார். காக்கிக் காற்சட்டை போட்ட யாரைக் கண்டாலும் சைக்கிளை விட்டு இறங்குவார். அவருக்கு இருந்த ஒரே குறை, பொய் சொல்ல வராது. மனைவி கமலாசனிக்கும் அவருக்கும் பிள்ளை இல்லை. சுட்டி என்ற எருமைதான் இருந்தது. அதன் மடியில் கமலாசனியின் கையைத் தவிர வேறு கை பட முடியாது. "ஒரு நாளும் இதுக்கு நான் தடி காட்டினதில்லை. அதுதான் எனக்குச் சுரக்குது" என்று அவள் ஊரெல்லாம் பெருமை சொல்லுவாள்.

மாசி மாதம் ஒரு காலை, பால் கறந்து முடித்துக் குசினிக்கு வந்த கமலாசனி கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்தாள். குடித்துவிட்டு எழும்பினாள். இடுப்பில் காய்ந்த கொள்ளி முறிவது போல ஒரு சத்தம் கேட்டது. அதன் பிறகுதான் விழுந்தாள்.

ஏரம்பு குசினிக் கதவைக் கழற்றி அதில் அவளைக் கிடத்தினார். தயிர் வாங்க வந்த கச்சு முகம்மது தன் லொறியில் இருந்த முட்டிகளை இறக்கி ஒரு பக்கம் வைத்துவிட்டு, கதவோடு அவளை ஏற்றினார்.

"ஏரம்பண்ணை, ஆசுப்பத்திரியில என்னெண்டு கேட்டால் மாடு இடிச்சதெண்டு சொல்லுங்கோ. எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுறாங்க. எங்கட சாச்சிக்கு இடுப்பு முறிஞ்சு போகேக்க இடி விழுந்ததெண்டு எழுதினம். ஒடனே கட்டில் குடுத்தாங்க."

"மாடு இடிக்கேல்லையே, காக்கா."

"இடிக்கேல்லைதான். சொல்லச் சொல்லுறன்."

"என்ர சுட்டியில பழி போட்டியளெண்டால், இந்தக் கதவோட உருண்டு றோட்டில விழுவன்" என்றாள் கமலாசனி, படுத்தபடியே.

ஆஸ்பத்திரி வாசலில் மேசை போட்டு இருந்தவர் கிளாக்கர் கதிர்காமநாதன். அவர் கமலாசனியைப் பார்க்கவில்லை. பேனையின் மூடியைக் கழற்றினார்.

"எங்கை விழுந்தவா?"

"குசினியில, ஐயா."

"அது வேண்டாம். குசினி எந்த இலாகாவுக்குள்ளும் வராது. வெளியில எங்கையாவது விழேல்லையோ?"

"இல்லை ஐயா. கதிரையால எழும்பினவள். முறிஞ்சுது. பிறகு விழுந்தவள்."

கதிர்காமநாதன் பேனையை மூடினார். நல்ல மனிதர்தான். உதவி செய்யத்தான் பார்த்தார்.

"அவசரப்படாமல் யோசிச்சுச் சொல்லுங்கோ. பக்கத்தில மாடு கீடு நிண்டதோ?"

"ஒரு எருமை நிண்டது ஐயா."

"பாத்தியளே!" கிளாக்கரின் முகம் மலர்ந்தது. "எருமை இடிச்சு…"

"அது இடியாது ஐயா. நல்ல எருமை."

"சந்தேகத்துக்கு இடமிருந்தால் போதும். நான் மிருக வைத்திய இலாகாவுக்கு எழுதுவன். அவங்கள் வந்து எருமையைக் கொண்டுபோய்க் கொஞ்ச நாள் வைச்சுப் பாப்பாங்கள். அதோட அலுவல் முடிஞ்சுது."

"கொண்டு போறதோ?" என்று கதவிலிருந்து குரல் வந்தது. "உம்மைக் கொண்டுபோய்க் கட்டி வைச்சுப் பாக்கட்டும். அது இடிக்கேல்லை. நான் எழும்பினனான், முறிஞ்சுது. எழுதும்!"

எழுத முடியாது என்பதைக் கதிர்காமநாதன் விளக்கினார். உண்மை சொல்லும் நோயாளர்களால் ஆஸ்பத்திரிக்கு வரும் சங்கடங்களையும் சொன்னார். வெயில் ஏறியது. கமலாசனியின் இடது பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பிக் கிடந்தது. ஏரம்பு தன் சால்வையால் அதற்கு நிழல் பிடித்துக்கொண்டு நின்றார்.

சத்தம் கேட்டு டொக்டர் தில்லைநாதன் வெளியே வந்தார். உயரமானவர், இனிமையான குரல். குனிந்து காலைப் பார்த்தார். அவருக்கு உடனே விளங்கிவிட்டது. முகம் வாடியது.

"அம்மா, ஒரு வருசம் முழுக்க ஒரு எலும்பும் இல்லை. வாற மாதம் கொழும்பிலையிருந்து பெரிய அதிகாரி வாறார். இப்ப உங்களைச் சேர்த்தால் இந்தக் கோட்டில ஒரு மூக்கு முளைக்கும்."

"என்ர தொடையில ஒரு மூக்கு முளைச்சுக் கிடக்கு, டொக்டர். அதைப் பாருங்கோ."

"பாக்கிறன். எனக்கும் மனம் எரியுது. நீங்கள் ஒரு நோயாளி எண்டு நினைக்கிறியள். ஆனால் தாளில நீங்கள் ஒரு புள்ளி. ஒரு புள்ளிக்காக ஒரு கோட்டைக் கெடுக்கலாமோ?"

ஏரம்பு கைகளைக் கட்டிக்கொண்டு, வேறு ஏதாவது கோட்டில் இடம் இருக்குமா என்று கேட்டார். இந்தக் கேள்வியின் ஆழத்தை அவர் அறிந்து கேட்கவில்லை. டொக்டரும் கிளாக்கரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். காய்ச்சல் கோடு இறங்கவேண்டியது. வயிற்றோட்டக் கோடு இறங்கவேண்டியது. பாம்புக்கடிக் கோடு போன மாதம்தான் இறங்கியது. ஆஸ்பத்திரியில் ஏறவேண்டிய கோடு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. முற்றத்துக்கு அப்பால், நாடா வெட்டித் திறந்து இரண்டு வருடமாகியும், கட்டில் விரிப்புக் கசங்காமல் கிடந்த பிரசவ வாட்டு. குடியேற்றப் பெண்கள் வீட்டிலேயே மருத்துவிச்சியை வைத்துப் பெற்றுவிடுகிறார்கள் என்பதால் அந்தக் கோடு எழும்பவே இல்லை.

"ஐயா," என்றார் ஏரம்பு, விளங்கியபோது. "இவளுக்கு அறுபது தாண்டிட்டுது."

"பிரசவ வாட்டுக்கு மேல்வயது எல்லை எண்டு ஒரு சுற்றறிக்கையிலும் இல்லை," என்றார் கதிர்காமநாதன். "நான் எல்லாம் பாத்திட்டன்."

"ஆனால் அது பொய்யெல்லே ஐயா."

"நீங்கள் ஒண்டும் சொல்லத் தேவையில்லை. கையெழுத்து மட்டும் போடுங்கோ."

ஏரம்பு பேனையை வாங்கிக் கதவுப் பக்கம் திரும்பினார். கமலாசனி கண்களை மூடியிருந்தாள். பல்லைக் கடித்தபடி பேசினாள்.

"போடுங்கோ. பிள்ளைத்தாச்சியெண்டு எழுதினாலென்ன, பேயெண்டு எழுதினாலென்ன. எனக்கொரு கட்டில் வேணும். ஊரில என்னைக் கேளாத கேள்வியோ? இதையும் கேட்டிட்டுப் போகட்டும்."

லொறியடியில் நின்ற கச்சு முகம்மதுவுக்குச் செய்தி போனபோது அவர் சிரிக்கத் தொடங்கி, ஏரம்புவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

பிரசவ வாட்டில் கமலாசனிக்குக் குறை வைக்கவில்லை. காலையில் பேணியில் அடைத்து வந்த மாப்பால், மத்தியானம் முட்டை, பின்னேரம் இரும்புச்சத்துக் குளிசை. தலைமாட்டில் ஒரு தொட்டில். சுவரில் கொழுகொழுத்த குழந்தையின் படம். இடுப்புக்குத்தான் ஒன்றும் இல்லை. வாட்டைப் பார்த்துக்கொண்ட தாதி, மிஸி இராசேஸ்வரி மட்டும் முதல் நாளே காலைத் தொட்டுப் பார்த்து, மண் நிரப்பிய சாக்குப் பைகளை இரு பக்கமும் அணை வைத்து, பாதத்தை நேராக்கிக் கட்டினாள்.

"அம்மா, இதை உடன யாழ்ப்பாணத்துக்கு அனுப்பவேணும். இஞ்சை செய்யேலாது. பிந்தினால் கோணலாப் பொருந்திடும்."

"அதை உம்மட டொக்டருக்குச் சொல்லும் பிள்ளை."

"சொன்னனான். இந்த வாட்டில இடுப்பைப் பற்றிக் கதைக்க வேண்டாமெண்டார்."

மறுநாள் டொக்டர் சுற்றி வந்தபோது மண் பைகளைக் கண்டார். "பிரசவ வாட்டில மண் மூட்டை என்னத்துக்கு? பாக்கிறவை என்ன நினைப்பினம்?" என்று அப்புறப்படுத்தச் சொன்னார். அவர் போனதும் இராசேஸ்வரி திரும்ப வைத்தாள். அவர் வர எடுத்தாள். இப்படியே நாட்கள் போயின. கமலாசனியின் கால் நேராவதும் திரும்புவதுமாக இருந்தது. ஒவ்வொரு முறையும் அவள் கத்துவது முற்றத்தில் கேட்கும். பிரசவ வாட்டில் இப்படிச் சத்தம் கேட்பது நல்லது என்று கதிர்காமநாதன் கருதினார்.

ஏரம்பு தினமும் சைக்கிளில் வந்தார். வரும்போதெல்லாம் சுட்டியின் கதையைக் கமலாசனி கேட்பாள். சுட்டி ஒருவரையும் கிட்ட எடுக்கவில்லை. கச்சு முகம்மதுவின் யோசனைப்படி ஏரம்பு கமலாசனியின் சேலையை உடுத்துக்கொண்டு கறக்கப் போனார். எருமை அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு வாளியை உதைத்தது. பால் வற்றத் தொடங்கிவிட்டது.

"நான் எழும்பி வந்தால் சரியாப்போம்," என்றாள் கமலாசனி. "என்னை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கோ. சும்மா நிண்டு தலையாட்டாதேங்கோ."

ஏரம்பு டொக்டரின் கந்தோர் அறைக்குப் போனார். டொக்டர் பொறுமையாகக் கேட்டார்.

"ஏரம்பு, யோசிச்சுப் பாருங்கோ. இடுப்புக்கெண்டு அனுப்பினால் அவா எலும்புக் கோட்டில ஏறுவா. பிரசவத்துக்கெண்டு அனுப்பினால், எங்களால பாக்கேலாத பிரசவமெண்டு இந்தக் கோடு இறங்கும். எப்பிடி அனுப்பிறது?"

"அப்ப ஆசுப்பத்திரித் துண்டை வெட்டி எங்களை வீட்டை விடுங்கோ ஐயா. நான் லொறியில கொண்டுபோறன்."

"பெறாமல் எப்பிடிப் போறது?"

ஏரம்பு நிலத்தைப் பார்த்தார்.

பக்கத்திலிருந்த கதிர்காமநாதன் குரலைத் தாழ்த்தினார். "இன்னொண்டு. உங்கட பெண்சாதி பிள்ளைத்தாச்சியெண்டு அரசாங்கத்துக்குக் கையெழுத்து வைச்சவர் நீங்கள். இப்ப இல்லையெண்டு சொல்லிக் கூட்டிக்கொண்டு போனால், அது பொய்க் கையெழுத்து. காணிக் கந்தோருக்குத் தெரிஞ்சால் பெர்மிற் என்னாகும் எண்டு எனக்குச் சொல்லத் தெரியாது."

பெர்மிற் என்ற சொல் கேட்டதும் ஏரம்பு சால்வையைத் தோளிலிருந்து எடுத்தார். வாழ்நாளில் அவர் அரசாங்கத்துக்குச் சொன்ன ஒரே பொய் அது. அதையும் அரசாங்கமே சொல்லித்தந்தது. இப்போது அந்தப் பொய்யை அவர் காப்பாற்ற வேண்டியிருந்தது.

கொழும்பு அதிகாரி வந்த அன்று ஆஸ்பத்திரிக்கு வெள்ளை அடித்திருந்தார்கள். முற்றத்தில் பந்தல், வாழை, தோரணம். குடியேற்றத்திலிருந்து ஆட்களை உழவு மெசினில் ஏற்றி வந்து இருத்தினார்கள். நொண்டுகிறவர்களை மட்டும் வழியில் இறக்கிவிட்டார்கள். கோடு புதுக் கண்ணாடி போட்டு மேடையில், அதிகாரிக்குப் பக்கத்தில், தனிக் கதிரையில் வைக்கப்பட்டிருந்தது. டொக்டர் தில்லைநாதன் மேடைத் தமிழில் பேசினார்.

"பெருமக்களே! இங்கிலாந்திலே எலும்பு முறிகிறது. அமெரிக்காவிலே எலும்பு முறிகிறது. செல்வம் கொழிக்கும் அந்நாடுகளின் ஆஸ்பத்திரிகளிலே இடமில்லை. மருதமேட்டிலோ, இதோ பாருங்கள், கட்டில்கள் காலியாகக் கிடக்கின்றன! இதன் இரகசியம் என்னவென்று என்னைக் கேட்கிறார்கள். பால் குடியுங்கள் என்று தாய்மாருக்குச் சொன்னோம். வெயிலில் நில்லுங்கள் என்று சொன்னோம். இந்த ஆஸ்பத்திரி வாசலிலேயே எத்தனையோ தாய்மார் நாள்முழுதும் வெயிலில் நின்றிருக்கிறார்கள்! நோயைத் தீர்ப்பது சாதாரண வைத்தியம். நோயாளியைத் தீர்ப்பதே உயர்ந்த வைத்தியம். நோயாளி இல்லாத ஆஸ்பத்திரி என்ற இலட்சியத்தைப் போன மாதம் நாங்கள் மிக நெருங்கினோம். ஒரு சிலர் பிடிவாதமாகக் கிடந்ததால் தவறிவிட்டது. அடுத்த வருடம் நிச்சயமாக அடைவோம்!"

கைதட்டினார்கள். பின்வரிசையில் இருந்த ஏரம்புவும் தட்டினார். எல்லோரும் தட்டும்போது தட்டாமல் இருப்பது அவருக்குப் பழக்கமில்லை.

பிறகு அதிகாரியைப் பிரசவ வாட்டுக்குக் கூட்டி வந்தார்கள். வாட்டில் ஒரே ஒரு தாய் படுத்திருந்தாள், நரைத்த தலையோடு. அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. அவர் தலைமாட்டில் தொங்கிய நோயாளித் துண்டை வாசித்தார். கமலாசனியைப் பார்த்தார். திரும்பவும் வாசித்தார். ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார்.

"எத்தனையாவது பிள்ளை எண்டு கேக்கிறார்," என்றார் டொக்டர்.

இந்தக் கேள்வியை யாரும் கமலாசனியிடம் ஒரு நாளும் கேட்டதில்லை.

"முதலாவது எண்டு சொல்லுங்கோ," என்றாள். பிறகு அதிகாரியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஐயா, எனக்குப் பிள்ளையுமில்லை குட்டியுமில்லை. இடுப்பு முறிஞ்சு ஒரு மாதமாக் கிடக்கிறன். என்னை யாழ்ப்பாணத்துக்கு அனுப்பச் சொல்லுங்கோ. நான் நடக்கவேணும் ஐயா. கும்பிட்டன்."

அவள் கண்ணீர் விட்டதை அதிகாரி கண்டார். டொக்டரைப் பார்த்தார். டொக்டர் மொழிபெயர்த்தார்: இந்த ஆஸ்பத்திரியைத் தந்த அரசாங்கத்துக்கு இந்தத் தாய் கண்ணீர் மல்க நன்றி கூறுகிறாள்.

அதிகாரி மனம் உருகி அவள் கையைக் குலுக்கினார். குலுக்கிய குலுக்கில் இடுப்பு அசைந்து அவள் வீரிட்டாள். "வலி தொடங்கிவிட்டது போலிருக்கிறது" என்று டொக்டர் அதிகாரியை மரியாதையாக வெளியே கூட்டிப்போனார். போகிற வழியில் அவருக்கு இன்னொன்றும் தோன்றியது. அறுபது தாண்டிய பெண் கருத்தரிக்கும் ஊரில் எலும்பு எவ்வளவு உரமாக இருக்க வேண்டும்! கொழும்பில் தான் வாசிக்கவிருக்கும் கட்டுரையில் கமலாசனியைக் கடைசி ஆதாரமாகச் சேர்ப்பதாக அவர் சொன்னார். அதிகாரி அதைக் குறித்துக்கொண்டார்.

அலுவல் முடிந்தபடியால் மறுநாள் கமலாசனிக்குப் பிள்ளை பிறந்தது. கதிர்காமநாதன் துண்டோடு வந்து கட்டிலடியில் நின்றார்.

"ஆம்பிளைப் பிள்ளை எண்டு போடட்டே?"

"போடும். தகப்பனைப்போல வடிவெண்டும் போடும்."

"வடிவுக்கு இடமில்லை அம்மா."

தாயும் சேயும் நலம் என்று எழுதி, ஒரு மாப்பால் பேணியும் கொடுத்து, வெளியே விட்டார்கள். பிரசவித்த தாய் நடந்து போகவேண்டும் என்பது விதி. இராசேஸ்வரி அதே குசினிக் கதவைக் கொண்டுவந்து, தானும் ஒரு பக்கம் தூக்கினாள். லொறி வரை தூக்கி வந்தவள் பேணியை எட்டி முற்றத்தில் எறிந்தாள்.

கச்சு முகம்மது அன்றைக்கே அவர்களை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டு போனார். அங்கே ஓர் எலும்பு வைத்தியர் காலைப் பிடித்துப் பார்த்தார், படம் எடுத்துப் பார்த்தார். எலும்பு கோணலாகப் பொருந்திவிட்டது, கால் குறுகிக் கட்டையாகிவிட்டது, இனி ஒரு தடியோடு எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரம் என்றார்.

"இவ்வளவு நாளும் எங்கை வைச்சிருந்தனியள்? ஏன் உடன கொண்டு வரேல்லை?"

ஏரம்பு கைகளைக் கட்டினார். பெர்மிற்றை நினைத்தார்.

"பிரசவத்துக்கு விட்டிருந்தது ஐயா."

வைத்தியர் படத்தை மேசையில் வைத்துவிட்டு, இவரையும் ஒருக்கால் யாராவது சோதித்துப் பாருங்கள் என்று அங்கிருந்த மிஸியிடம் சொன்னார்.

ஏரம்பு முதிரை மரத்தில் ஒரு தடி செய்தார். மேல்முனையில் கை பிடிக்க ஒரு குறுக்குக் கட்டையும் வைத்து, கமலாசனியின் உள்ளங்கை நோகாமல் பழஞ்சேலை சுற்றினார். குசினிக் கதவு திரும்ப நிலையில் மாட்டப்பட்டது. அவள் சுவரைப் பிடித்துக் கட்டிலிலிருந்து வாசலுக்கு வரப் பழகிக்கொண்டிருந்தபோது, சைக்கிளில் ஒருவர் வந்து இறங்கினார். அம்மைப்பால் குத்துகிற உத்தியோகத்தர்.

"கமலாசனி எண்டது நீங்களோ? பிள்ளையைக் கொண்டு வாங்கோ. குத்தவேணும்."

"எந்தப் பிள்ளை?"

"ஆசுப்பத்திரியில பெத்த பிள்ளை. இந்த வாய்க்காலில எல்லாம் குத்தி முடிச்சிட்டன். உங்கட பிள்ளை ஒண்டுதான் மிச்சம். எங்கட கோடு உங்களால நிக்குது."

ஏரம்பு உள்ளே போய் ஒளிந்துகொண்டார். கமலாசனி வாசல் நிலையில் சாய்ந்து நின்று உத்தியோகத்தரை நன்றாகப் பார்த்தாள்.

"செத்துப்போச்செண்டு எழுதும் தம்பி."

"ஐயோ, அப்பிடிச் சொல்லாதேங்கோ. பிள்ளைச்சாவுக் கோடு இறங்கிக்கொண்டு வருது. டொக்டர் ஐயா விடமாட்டார். பிள்ளை சாகேலாது."

"அப்ப சரி." அவள் கையிலிருந்த தடியை நீட்டினாள். "இதுதான் பிள்ளை. ஆம்பிளைப் பிள்ளை. உந்த ஆசுப்பத்திரியால எனக்குக் கிடைச்சது இது ஒண்டுதான்."

அவர் தடியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். வெயிலில் நெடுந்தூரம் சைக்கிள் உழக்கி வந்தவர். திரும்பிப் போய்ச் சொல்லவேண்டிய விளக்கத்தை எண்ணிப் பார்த்தார். பெட்டியைத் திறந்து ஊசியை எடுத்தார்.

"பேர் என்ன வைச்சிருக்கிறியள்?"

"தில்லைநாதன்."

"எந்தக் கையில குத்தட்டும்?"

"உமக்கு எது வசதியோ அதில."

அவர் குறுக்குக் கட்டையில், சேலை சுற்றாத இடமாகப் பார்த்து, இரண்டு கீறல் கீறி மருந்து விட்டார். ஒரு கிழமைக்கு நனைக்க வேண்டாம் என்றும், கொப்புளம் போட்டால் அறிவிக்க வேண்டும் என்றும் சொன்னார். ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார். அந்த வருடம் ஏழாம் வாய்க்கால் முழுமையாகக் குத்தப்பட்டது.

அவர் போன பிறகு கமலாசனி வாசற்படி இறங்கினாள். "எங்கை போறாய்?" என்று ஏரம்பு ஓடி வந்தார். அவள் தடியை ஊன்றி, கட்டைக் காலை இழுத்து, மூச்சு வாங்கி, முற்றத்தைக் கடந்து, மாட்டுக்கொட்டில் வரை போனாள். முறிந்த நாளிலிருந்து அவள் நடக்கவேண்டும் என்று கேட்டதெல்லாம் இந்தத் தூரத்துக்குத்தான்.

சுட்டி மெலிந்துபோய் நின்றது. அவள் குரல் கேட்டதும் காதை நிமிர்த்தியது. தலையைத் தூக்கியது. பிறகு அவள் கையிலிருந்ததைக் கண்டது. சடாரென்று பின்வாங்கி, கயிறு இழுபடும் மட்டும் போய், மூலையில் சுவரோடு ஒட்டிக்கொண்டு மூச்சு விட்டது.

"சுட்டி, நான்தான்டி. இது அடிக்கிற தடியில்லை."

அவள் ஓர் அடி வைத்தாள். தடி நிலத்தில் குத்திய சத்தத்துக்கு எருமை உடம்பைச் சுருக்கியது. அவள் இன்னும் கொஞ்சம் கூப்பிட்டுப் பார்த்தாள். பிறகு தடியை எறிந்தாள். அது எருவுக்குள் போய் விழுந்தது. கமலாசனி கொட்டில் கூரையைத் தாங்கிய கப்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மற்றக் கையை நீட்டியபடி நின்றாள்.

தடியைக் காணாததால் சுட்டி மெல்ல முன்னே வந்தது. ஒரு முழத் தூரத்தில் வந்து நின்றுவிட்டது. இனி அவள்தான் வரவேண்டும். முன்பெல்லாம் அப்படித்தான், மிச்சத் தூரத்தை அவள்தான் வருவாள்.

அவள் கப்பை விட்டாள். நல்ல காலை எடுத்து வைத்தாள். கட்டைக் கால் கூடவே வரவில்லை. உடம்பு ஒரு பக்கமாகச் சரியத் தொடங்கியது.

"இஞ்சருங்கோ!" என்று கத்தினாள். "ஓடி வந்து பிடியுங்கோ! இதில விழுந்தனெண்டால் எருமை இடிச்சதெண்டு எழுதிப்போடுவாங்கள்!"